நீளப் படத்தின் வலது ஓரம்

எங்கள் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில், பழைய துண்டு ஒன்றில் சுற்றிய சின்ன ஃபிரேம் இருக்கிறது. ஓரடி உயரம், ஒரு சாண் அகலம். அதில் என் கணவரின் அக்கா நிற்கிறார். பின்னால் அடுப்புப் புகை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். நீட்டிய வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஃபிரேமின் மரச்சட்டம்தான். புடவை எடுக்கும்போதெல்லாம் கை அதில் படும். மாட்டவும் முடியாமல் எறியவும் முடியாமல் ஐந்து மாதமாக அதை வைத்திருக்கிறேன்.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். காவலூருக்குப் பக்கத்தில் ஒரு மலையூர். திருமணமான இரண்டாம் வருடமே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தாயில்லாத தம்பியை வளர்த்ததும் சாமையும் புளியும் விற்றுப் படிக்க வைத்ததும் அவர்தான். என் மகள் எடை குறைவாகப் பிறந்தபோது கணியம்பாடிக்கு இறங்கி வந்து நாற்பது நாள் எங்களோடு இருந்தார். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் போட்டுக் குளிப்பாட்டுவார். எனக்குக் குழந்தையைத் தொடவே பயம், விரல் நுனியால்தான் பிடிப்பேன். "இன்னாமே, பரிட்ச பேப்பரா அது? நல்லா அழுத்திப் புடி" என்பார்.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன், ஊர்த் திருவிழாவன்று, அறுப்பு முடிந்த சாமைக் கொல்லையில் சொந்தபந்தம் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். இடமிருந்து வலமாக ஃபோனை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் மலையும் மனிதர்களும் ஒரே நீளப் படமாக விழும். அதுவரை யாரும் அசையக்கூடாது. அண்ணி மட்டும் வரிசைக்கு வரவில்லை. "பானை பொங்கினு கீது, நான் இங்கியே நிக்கிறேன்" என்று வலது கோடியில், பொங்கல் அடுப்பண்டையே நின்றுவிட்டார். நின்றவர் கரண்டியை நீட்டி, "டேய், அசையாத நில்லுங்கடா, அசைஞ்சா ரெண்டு தல வந்துடுமாம்!" என்று எல்லாரையும் மிரட்டினார். யாரும் அசையவில்லை. படம் அவ்வளவு சுத்தமாக வந்ததற்கு அந்தக் கரண்டிதான் காரணம்.

சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது கூடத்துச் சுவரில் அந்தப் படம்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிரிண்ட் போட்டால் ஓரடி உயரத்துக்கு ஐந்தரை அடி நீளம் வந்தது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த சுவரோ நாலே முக்கால் அடி. ஃபிரேம் கடைக்காரர் படத்தை மேசைமேல் விரித்து மூன்று வழி சொன்னார். சின்னதாகப் பிரிண்ட் போட்டால் முகம் தெரியாது. ஜன்னலை மறைத்து மாட்டினால் வெளிச்சம் போய்விடும். "இல்லன்னா ஒரு ஓரத்த வெட்டிடலாங்க. இந்தப் பக்கம் வெறும் புகதான் கீது, ஒரே ஒரு அம்மா நிக்கிறாங்க."

இடது ஓரத்தையும் வெட்டியிருக்கலாம். அங்கே மனிதர்களே இல்லை. மலைமுகட்டில், காவலூர் தொலைநோக்கியின் வெள்ளைக் கூரை ஓர் அரிசிமணி அளவுக்குத் தெரிந்தது. வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பேசலாம் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. கணவருக்கு ஃபோன் செய்தேன். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். அவரிடம் எந்த ஓரம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

ஃபிரேமை வாங்கப் போனபோது கடைக்காரர் இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார். வெட்டிய துண்டை வீணாக்க மனமில்லாமல் மிஞ்சிய சட்டத்தில் அதற்கும் ஒரு ஃபிரேம் போட்டிருந்தார். என் குற்ற உணர்ச்சி அந்த நிமிடமே தீர்ந்துபோனது. பெரிய படத்தை ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் சின்னப் படத்தை அந்தப் பக்கமும் ஒரே மட்டத்தில் மாட்டினேன். நடுவில் ஜன்னல் இருந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே படம்போலத் தொடரும் என்று கணக்குப் போட்டேன். கரண்டி பிடித்த கை மட்டும் பெரிய படத்திலேயே தங்கிவிட்டது. உடம்பில்லாத அந்தக் கை ஊரையே அதட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒற்றை ஆள் படம் ஃபிரேம் போட்டுச் சுவரேறினால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். உயிரோடிருப்பவர்கள் சோடியாக இருப்பார்கள், கும்பலாக இருப்பார்கள், மடியில் ஒரு பிள்ளையோடாவது இருப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. எதிர்ச்சுவரில் கறுப்பு அங்கியோடு என் பட்டமளிப்புப் படம் ஒற்றையாகத்தானே இருக்கிறது, எனக்கு என்ன ஆகிவிட்டது என்று மனத்துக்குள் வாதாடிக்கொண்டேன். சின்ன ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே மாமனாரின் மாலை போட்ட படம் இருந்தது. அந்த ஆணி முன்பே அடித்தது, என்ன செய்வது என்று அதையும் தள்ளிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணி சொல்லாமல் வந்து நின்றார். அமிர்திக் காடு வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் புளி மூட்டை. புது வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவர் சுவருக்கு முன்னால் போய் நின்றிருந்தார். வெள்ளிதோறும் தாத்தா படத்துக்குப் பூ வைக்கும் என் நாலு வயது மகள், அன்று மிஞ்சிய மல்லிகைத் துணுக்கை சோபாமேல் ஏறி நின்று அத்தை படத்துக்கும் வைத்திருக்கிறாள். அடுப்படியில் இருந்த நான் பார்க்கவில்லை.

"இன்னாமே, எனக்கும் பூ வெச்சிட்டியா?" என்று அண்ணி சிரித்தார். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். "கரண்டி எங்க? கையில்லாத எப்பிடிப் பொங்க வெப்பேன்?"

நான் பூவை எடுத்துவிட்டேன். ஃபிரேமையும் கழற்றினேன். சாப்பிட்டபின், வேறு ஏதோ பேசுவதுபோலச் சொன்னார். மார்பில் ஒரு கட்டி. பதினைந்து நாளுக்கு முன் வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதித்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் முடிவு சொல்வார்கள். எங்களுக்கு எதற்குக் கவலை என்று யாரிடமும் சொல்லவில்லை.

முடிவு நாங்கள் பயந்தபடியே இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், தாமதிக்கக்கூடாது என்றார்கள். அண்ணி தலையாட்டிவிட்டு, துணிமணி எடுத்து வருகிறேன் என்று மலையேறினார். வரவில்லை. ஃபோன் செய்தால், "வூட்லதான் மாட்டியாச்சே, இனிமே எதுக்கு ஊசி?" என்று சிரிப்பார். என் கணவருக்கு அது வெறும் கேலி. சாக்குத்தான், பயந்திருக்கிறாள் என்றார். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தது நான். தேதி இரண்டுமுறை தள்ளிப்போனது.

மறுபடியும் அந்தப் படத்தை முழுதாகப் பிரிண்ட் போட்டேன். பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் சுருட்டி வைத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னாங்க, மலைல போர் போடப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். சிரிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி வீட்டு வாசலில் ஒரு முனையை நானும் மறுமுனையை மகளும் பிடித்துக்கொண்டோம். அவர் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து நடந்தார். "இவன் கண்ண மூடிட்டான். இவ யார் சீலைய கட்டினு வந்தா?" கடைசியில் தன்னிடம் வந்தார். கையையும் கரண்டியையும் பார்த்தார்.

"ஆங், கை வந்துடுச்சு."

"அண்ணி, நான் தெரியாம..."

"தெரியாம இல்லமே. எடம் பத்தல." கோபமே இல்லாமல் சொன்னார். எல்லாரும் சரியாக நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் இடமில்லை என்று வெட்டினேன். நின்ற இடத்திலேயே அழுதேன். மகளும் அழ ஆரம்பித்து, பிடித்திருந்த முனையை விட்டுவிட்டாள். படம் அண்ணி பக்கமிருந்து சுருண்டது. அவர் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, அழாத. வர்றேன். நாளைக்கே வர்றேன். அந்தச் சின்னத இன்னா பண்ண?"

"உடைச்சிடறேன் அண்ணி."

"எதுக்கு ஒடைக்கிற? நல்லாத்தான் கீறேன் அதுல. வெச்சிரு. அப்பறம் அவசரத்துல தேடினு கெடக்காதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் எங்களோடு இறங்கி வந்தார்.

முழுப் படம் இப்போது எதிர்ச்சுவரில் இருக்கிறது. என் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி இடம் செய்தேன். கண்ணாடி இல்லாமல் பலகையில் ஒட்டி மாட்டியிருக்கிறோம். மூன்று தடவை மருந்து ஏற்றியாயிற்று. ஒவ்வொரு ஊசிக்கும் மலையிலிருந்து வந்துபோகும் அண்ணிக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. "எண்ணெய் மிச்சம்" என்கிறார். மருந்து வேலை செய்கிறதா என்று இன்று நான்காவது ஊசிக்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி சுருங்கியிருக்கும் என்று ஒரு நிமிடமும், இரண்டுமுறை தேதி தள்ளிப்போனதே என்று மறுநிமிடமும் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் புடவை எடுக்கும்போது கை ஃபிரேமில் பட்டது. துண்டைப் பிரித்துப் பார்த்தேன். கையில்லாத அண்ணி, யாருமில்லாத பக்கம் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தார். உடைத்துவிடலாமா என்று இன்றும் நினைத்தேன். உடைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் நினைத்தேன். அவர் சொன்னபடி பத்திரமாக வைத்திருந்தால் அந்த நாளை நானே எதிர்பார்ப்பதுபோல ஆகாதா? வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் குரல், ஒவ்வொரு தடவையும் கேட்கிற அதே கேள்வி.

"இன்னாமே, பூ வாங்கிட்டியா?"

துண்டை அவசரமாகச் சுற்றி, இன்னும் இரண்டு புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன்.