விளிம்புவரை தேநீர்

எங்கள் கரகோல் ஊரில் சைகாலிடம் பின்னல் போட்டுக்கொள்ளாத மணப்பெண் கிடையாது. தன் சிகை அலங்காரக் கடையிலிருந்து அவள் போடும் வீடியோக்களை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. இப்போது யாரைக் காட்டினாலும் முதலில் "போடலாமா?" என்று கேட்கிறாள். கேட்காத காலமும் இருந்தது.

சைகாலையும் சேர்த்துப் பள்ளித் தோழிகள் நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு வீட்டில் கூடுவோம். போன வசந்தத்தில் என் வீட்டில் மீர்குல் தன் மாமியாரைப் போலக் குறட்டை விட்டுக் காட்டினாள்.

"எங்க மாமியார் குறட்டை விட்டா பக்கத்து வீட்டுக் கழுதை எழுந்து நின்னு பதில் சொல்லும்டி!"

விழுந்து விழுந்து சிரித்தோம். சைகால் அதை நேரலையில் விட்டுக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மறுநாள் சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவன், மூத்த பெண் என்பதால் நாங்கள் 'அபா' என்று அழைக்கும் அந்த மாமியார் உம்சுனை அபாவைக் கண்டதும் குறட்டை விட்டான்.

மீர்குலுக்கு வீட்டில் நரகம். சைகாலை பிளாக் செய்தாள், எங்கள் கூட்டத்துக்கும் வருவதை நிறுத்தினாள். சைகால் வீடியோவை நீக்கினாள். அதோடு நின்றாளா? அழுது மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோ போட்டாள். அதுவரை பார்க்காதவர்களும், யாரோ சேமித்து வைத்திருந்த பழையதைத் தேடிப் பிடித்தார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபது வருஷ சிநேகிதம்டி! அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளு, ஊர்கிட்ட ஏன் கேக்குற?" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அபா சாப்பாட்டு விரிப்பின் முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேநீர் ஊற்றுவது மருமகள் வேலை. "நிறைய ஊத்து," என்றார். விருந்தாளிக்கு நாங்கள் பாதிக் கோப்பைதான் ஊற்றுவோம். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். மீர்குல் தலை நிமிராமல் விளிம்புவரை ஊற்றினாள்.

சைகால் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையை நீட்டினாள். மறுபடி விளிம்புவரை. மறுபடி குடித்தாள். நான் மூன்றாவதிலேயே தோற்றுவிட்டேன். அவள் பையில் கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்க்காமலே அணைத்தாள்.

ஏழாவது கோப்பையில் அபாவால் பொறுக்க முடியவில்லை. "ஏண்டி, அது வயிறா, ஏரியா?"

"மீர்குல் ஆறு பேருக்குள்ள சொன்னா அபா. ஊருக்குச் சொன்னது நான். அவ எங்கிட்ட பேசறவரைக்கும் ஏரிதான்."

"நான் குறட்டையே விடறதில்ல!"

மீர்குல் உதட்டைக் கடித்துப் பார்த்தாள்; முடியாமல் வெடித்துச் சிரித்தாள். அபாவின் வாயும் சிரிப்பில் கோணியது.

"சரி சரி, இவ வயிறு வெடிச்சா பழி என் தலையில விழும். பாதி ஊத்து."

மீர்குல் பாதி ஊற்றி நீட்டினாள். "குடிடி, பிசாசே."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சைகால் கோப்பையை என் கையில் திணித்துவிட்டு முற்றத்துக் கோடியிலிருந்த கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்து, மீர்குலை இடித்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவே இல்லை.