மூடாத இடது கண்

தம்பியின் கலியாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது என் முகத்தின் இடது பாதி வேலைநிறுத்தத்தில் இறங்கியது. காலையில் பல் தீட்டிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாயால் ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலப்பக்கம் கோணி நின்றது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். அது மூடாமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவ மத்தியானம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து கடல் காற்று அடித்துவிட்டது என்றார் மேல்மாடி அன்ரி. கலியாண வீடென்றால் கண்ணூறு இல்லாமலா என்றார் கீழ் வீட்டுக்காரர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எனக்கோ பாரிசவாதம், உடம்பில் ஒரு பக்கமே விழப்போகிறது என்றுதான் பயம். பெரியம்மா முதலில் ஜிந்துப்பிட்டி முருகனிடம் போய்த் திருநீறு கொண்டுவந்து பூசினார். அதற்குப் பிறகுதான் பொரளைக்கு, டொக்டரிடம் கூட்டிப்போனார். எங்கள் வீட்டு ஒழுங்கு அப்படி. அம்மா போனபின் என்னையும் தம்பியையும் வளர்த்தவர் அவர்தான். அவர் சொல்லுக்கு நாங்கள் மறுசொல் சொல்லிப் பழகவில்லை.

டொக்டர் என்னைவிட இளையவர். கை, கால், நெற்றி எல்லாம் பார்த்துவிட்டு, இது பாரிசவாதம் இல்லை என்றார். முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓர் ஒடுக்கமான வழியால் வருகிறதாம். நரம்பு வீங்கினால் எலும்பு இடம் கொடுக்காது, நரம்பு நெரிபடும். தசைகளுக்கு ஒரு குறையும் இல்லை, அவற்றுக்குக் கட்டளைதான் வந்து சேர்வதில்லை. பிறகு பஞ்சை நூலாகத் திரித்து இடது கண்ணின் ஓரத்தைத் தொட்டார். தொட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் மூடியது வலது கண். தொட்டதை மூளைக்குச் சொல்ல ஒரு நரம்பு, மூடு என்று திருப்பிச் சொல்ல வேறொரு நரம்பு என்று விளக்கினார். தூசி வந்தாலும் மணல் வந்தாலும் இந்தக் கண் தன்னைக் காத்துக்கொள்ளாது, வெளியில் போனால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள் என்றார். விழுங்கக் குளிசையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்தார். அனேகமாக மாறிவிடும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது. பெரியம்மா பக்கத்தில் இருந்து தலையாட்டிக் கேட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கடல் காற்றும் குற்றவாளி இல்லை, கண்ணூறும் இல்லை, நானும் இல்லை. அந்த நிம்மதி ஒரு நாள்தான்.

எங்கள் ஆட்களின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. மணவறையில் பொம்பிளைக்குப் பின்னால் நின்று, தாலி கட்டும்போது சடையை உயர்த்திப் பிடிப்பவள். தம்பிக்கு நான் ஒரே அக்கா. மறுநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே பெரியம்மா பேச்சை எடுத்தார்.

“சித்தப்பான்ர மகள் தோழியா நிக்கட்டும், பிள்ளை. வீடியோ எண்டா அது காலத்துக்கும் இருக்கும்.”

எனக்கு நெஞ்சு எரிந்தது. “சடையைத் தூக்கிறது கை, பெரியம்மா. கைக்குப் போற நரம்புக்கு ஒண்டும் நடக்கேல்லை.”

அன்றிலிருந்து ஒற்றைக் காலில் நின்றேன். தம்பியிடம் கேட்டேன். உங்களுக்கு ஏலுமென்றால் நில்லுங்கள் அக்கா என்றான். அந்த ‘ஏலுமென்றால்’ எனக்குப் பெரியம்மா சொன்னதைவிடச் சுட்டது. பொம்பிளை வீட்டார் கூறைச் சேலை பார்க்க வந்த அன்று நான் மனதாரச் சிரித்தேன். அரைவாய்ச் சிரிப்பு நக்கல் மாதிரி இருந்திருக்க வேண்டும். பொம்பிளையின் தாய் முகம் சுருங்கினார். எனக்குச் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்று நினைத்துவிட்டாராம். “நான் சிரிக்கிறன் அன்ரி, பாதிதான் வெளியில வருது” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பொம்பிளை என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் பின்னால் நிற்க வேண்டும் மச்சாள் என்றாள். அதோடு பெரியம்மா சித்தப்பா மகளின் பேச்சை விட்டார். என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

கலியாணத்தன்று கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். முகம் தெரிய நிற்பதற்குத்தானே இவ்வளவு சண்டையும்? மண்டபத்தில் படம் எடுத்தவர், கொஞ்சம் மற்றப் பக்கம் திரும்புங்கள் அக்கா என்று பணிவாகத்தான் கேட்டார். இடது கன்னத்தை முழுதாக அவருக்குக் காட்டி நின்றேன். எடுக்கட்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கெட்டிமேளம் முழங்கியபோது இடது காது கிழிந்துவிடும் போலிருந்தது. காதுக்குள் சத்தத்தை அடக்கும் சின்னத் தசைக்கும் அதே நரம்புதான் போகிறதாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சடையைத் தூக்கினேன். பூவும் மாலையுமாகச் சடை நல்ல பாரம். தம்பி தாலிக் கொடியைப் பொம்பிளையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தான். சபை எழும்பி அட்சதை எறிந்தது. முதல் அரிசி என் இடது கன்னத்தில் பட்டது. அடுத்தது இமையோரத்தில். வலது கண் தானாகவே இறுக மூடிக்கொண்டது. இடது கண் ஆவென்று திறந்தபடி அரிசி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் சடை விழுந்துவிடும்.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் முகத்தின் இடது பாதியைப் பொத்தியது. சந்தனமும் கற்பூரமும் மணத்த கை. பெரியம்மா. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இவ்வளவு தூரம் வந்தபிறகும் கமராவுக்கு மறைக்கிறாரே!

“கையை எடுங்கோ பெரியம்மா. வீடியோவில விழட்டும்.”

அவர் கையை எடுக்கவில்லை. அட்சதை அவருடைய புறங்கையில் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது. என் காதருகே குனிந்தார்.

“வீடியோ நாசமாப் போகட்டும். நீ சடையை விடாதை, பிள்ளை. கண்ணை நான் பாக்கிறன்.”