ஒருநாள் விட்டு ஒருநாள்

எங்கள் அம்மாவுக்கு வந்திருந்தது ரத்தப் புற்றுநோய் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ரத்தத்தில் கொஞ்சம் கோளாறு என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். காலையில் சாப்பிட்டு முடித்ததும் ஒரு மாத்திரை. அதை விடாமல் போட்டுக்கொண்டால் மற்றவர்களைப் போல நடமாடலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மாவும் அப்படித்தான் நடமாடினாள். சமைத்தாள், பால் கறந்தாள், எனக்குப் பேன் பார்த்தாள். நோய் என்பது மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிற சமாச்சாரம் என்று நான் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்த மாத்திரை இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று வெளிநாட்டுக் கம்பெனியுடையது. இன்னொன்று நம் நாட்டிலேயே செய்வது, விலை சொற்பம். இரண்டும் ஒரே மருந்துதான் என்று டாக்டர் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதற்கு முந்திய குறுவையில், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பூச்சிமருந்தை வாங்கி அடித்திருந்தார். பூச்சி அதுபாட்டுக்கு இருந்தது, பயிர்தான் போனது. மலிவாகக் கிடைப்பது எல்லாம் போலி என்பது அன்றிலிருந்து அவருடைய கட்சி. "வயலுக்கு ஏமாந்தது போதாதா, இவளுக்கும் ஏமாறணுமா" என்று வெளிநாட்டு டப்பாவையே வாங்கிவந்தார். அதற்காக வயலில் பாதி அடமானத்துக்குப் போனது. அப்புறம் மாடும் போனது.

மாடு போன பிறகுதான் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் எங்கள் பக்கம் முறை வைத்து விடுவார்கள். சில நாள் வாய்க்காலில் தண்ணீர் வரும், சில நாள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். பயிர் வாடும், ஆனாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அம்மா மாத்திரைக்கும் அதே மாதிரி முறை வைத்துவிட்டாள். ஒருநாள் போட்டுக்கொள்வது, மறுநாள் விட்டுவிடுவது. அப்பா வயலுக்குக் கிளம்பிய பிறகு நடக்கிற இந்த நிர்வாகத்தில் எனக்கும் உத்தியோகம் உண்டு. ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் நான்தான்.

"என்ன லஸ்கர், இன்னைக்குத் தண்ணி உண்டா?" என்று கேட்பாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ மிடுக்காகச் சொல்வேன். இல்லை என்கிற நாளில் அம்மா பொய்யாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். டப்பா தீர்ந்தது என்று அவள் சொன்னால்தான் அப்பா தஞ்சாவூருக்குப் புறப்படுவார். நட்டது, களை எடுத்தது, அறுத்தது என்று நாளைக் கணக்கிடுகிற மனுஷருக்கு, ஒரு டப்பா கூடுதல் நாள் வருவது தெரியவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை ஒன்றில் என்னையும் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தினமும் போடுறீங்களாம்மா?" என்றார்.

"போடுது சார், ஒருநாள் விட்டதில்ல" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"அப்படின்னா இந்த மருந்து கேக்கலன்னு அர்த்தம். அடுத்த மருந்துக்குத்தான் போகணும். அதுல மலிவா ஒண்ணும் இன்னும் வரல. இதைவிடப் பல மடங்கு ஆகும்."

"வாங்கிடலாம் சார்" என்றார் அப்பா. விற்பதற்கு வீட்டில் இனி என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியும். அதனால்தான் நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறாங்க. ஆத்துல முறை வச்சுத் தண்ணி விடுவாங்கல்ல, அந்த மாதிரி."

டாக்டருக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அம்மா தலையை நிமிர்த்தாமல், "பயிரே தாங்குதுங்களே சார்" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. அன்று எத்தனை பேரிடம் எதையெல்லாம் சொல்லி அலுத்திருந்தாரோ, திட்டக்கூட அவருக்குத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. "விட்டு விட்டுப் போட்டா நோய் மருந்துக்குப் பழகிக்கும்மா. மலிவானதையே வாங்குங்க, ஆனா தினமும் போடுங்க. பழகாம இருந்தா கேக்கும். இல்லன்னா அந்த அடுத்த மருந்துதான். சில வருஷத்துல அதுவும் விலை குறையும்" என்றார்.

கீழே மருந்துக்கடையில் அப்பா அந்த மலிவான டப்பாவை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். போலியா என்று திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. அவர் சந்தேகப்பட்டதற்கும் காரணம் இருந்தது, அம்மா முறை வைத்ததற்கும் காரணம் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று யோசித்து யோசித்து எனக்கு இப்போது அலுத்தேவிட்டது.

திரும்புகிற பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சில வருஷம் என்றால் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ காலேஜுக்குப் போறப்ப குறைஞ்சிடும்" என்றாள்.

அவள் கணக்கு தப்பவில்லை. அந்த அடுத்த மருந்தை நம் ஊர்க் கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்து விலை இறங்கியது நான் காலேஜில் சேர்ந்த வருஷம்தான். அம்மா போய் அது மூன்றாவது குறுவை. அப்பா கடையில் கேள்விப்பட்டு வந்து என்னிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்.

அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். விலை குறைகிறவரை காத்திருக்கத்தானே வேண்டும், இருந்தால் போகிறது, நாங்கள் எங்கே போய்விடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன்.