கயலரசனுக்கு ஒரு கல்வெட்டு

போன சனிக்கிழமை என் அண்ணன் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பரீட்சையில் பிழையில்லை, காதலிலும் பிழையில்லை. சின்ன வயதிலிருந்து வாசித்துவந்த மாயக்கதை வரிசையின் கடைசிப் புத்தகம் அன்று மத்தியானம் முடிந்துவிட்டதாம். அண்ணி சோற்றைக் கோப்பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "புத்தகம் முடிஞ்சா வேறை புத்தகம் வாங்கிறதுதானே?" இலண்டனில் முப்பது வருடம் இருந்தும் மனிதர் மாறவில்லை.

பின்னேரம் அவள் முகம் கழுவிக்கொண்டு குசினிக்கு வந்து என் பக்கத்தில் இருந்தாள். கைபேசியைத் திறந்து காட்டினாள். உலகம் முழுக்க அழுகிறார்கள். ஒருத்தி தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டாள். ஒருவன் முடிவு பிழையென்று ஒரு மணி நேரம் திட்டுகிறான். இன்னொருத்தி கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கப் போவதில்லை என்று சத்தியம் செய்கிறாள். "உங்களுக்கு இது விளங்காது மாமி" என்றாள். நான் அந்த நேரம் நிலக்கடலைப் பை, எங்கள் பேச்சில் கச்சான் பை, ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தேன். வறுத்த கச்சானின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கூடவே மண்ணெண்ணெயும் அச்சு மையும் மணத்தன. எனக்கு மட்டும் இப்படி ஒரு மூக்கு. அது வரும் வழியைச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும்.

தொண்ணூற்று மூன்றில் நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்கும் வேலையில், அதாவது எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தும் வேலையில், இருந்தேன். ஈய எழுத்துக் கோத்து, காலால் மிதித்து ஓட்டும் இயந்திரத்தில் அடிக்கிற சின்ன அச்சகம். யுத்தத்தில் மின்சாரம் போய் வருடக்கணக்கு என்பதால் அந்தப் பழைய இயந்திரத்துக்குத் திடீரென்று மரியாதை கூடியிருந்தது. கடதாசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அரசாங்கத் தடை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த காலம் அது. எங்கள் முதலாளி ஒரு துண்டுத் தாளையும் எறியமாட்டார். ஒப்புநோக்கி முடித்த தாள்களை அடுக்கி, கச்சான் விற்கிற ஆட்களுக்குச் சுருள் சுற்ற நிறுத்துக் கொடுத்துவிடுவார். அதனால் யாழ்ப்பாணத்தில் கச்சான் வாங்கினால் கச்சானோடு வாசிப்பதற்கும் ஏதாவது கிடைக்கும். கலியாண அழைப்பின் அரைவாசி, கணக்குப் பாடக் கேள்வித்தாளின் கால்வாசி என்று சுருளில் வரும். எனக்குத் தெரிந்த சிலர் கச்சானை மடியில் கொட்டிவிட்டு முதலில் சுருளைத்தான் விரிப்பார்கள். நானும் அந்தச் சிலரில் ஒருத்தி.

இனிக் கதைக்கு வருகிறேன். 'உப்புவாசல்' என்றொரு மாயக்கதை வரிசை சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் உப்பாலான ஒரு வாசல், அதற்கு அப்பால் ஒரு நாடு, அந்த நாட்டுக்கு உரிமையுள்ளவன் கரையில் சாதாரணப் பெடியனாக வளர்கிறான். பெயர் கயலரசன். தோளில் செதிள் இருக்கும். எட்டுப் பாகங்கள் எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்பே வந்துவிட்டன. எட்டாம் பாகத்தின் முடிவில் கயலரசன் உப்புவாசலுக்கு முன்னால் நிற்கிறான், கதவு திறக்கிறது, அவ்வளவுதான். ஒன்பதாம் பாகம் கடைசிப் பாகம் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குப் புத்தகமும் வரவில்லை, பூட்டிய கடைகளில் அதை விசாரிக்கவும் ஆள் இல்லை. கயலரசன் பத்து வருடம் வாசலில் நின்றான்.

அவனுக்காகக் காத்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். நீர்வேலியில் படிப்பித்த புவனேஸ் ரீச்சர் ஒருவர். உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வந்து யாழ்ப்பாணத் தபால் கந்தோரில் வேலை செய்த நடராசா ஒருவர். மூன்றாமவர் கொழும்புத்துறையில் வலைத்தொழில் செய்த மரியதாஸ் அண்ணை. பெரிய பைத்தியம் அவர்தான். முதற்பாகம் வந்த காலத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். கோயிலில் சுவாமியார் தயங்க, யோசேப்பு என்று ஒரு பெயரை முன்னுக்கு வைத்துச் சமாளித்து, பிள்ளைக்குக் கயலரசன் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பெயர் நீளம் என்று ஊர் அவனை அரசன் என்றது. நாங்களும் அரசன் என்றே பழகிவிட்டோம்.

நான் சொல்கிற வருடத்தில் அரசனுக்கு இருபது வயதிருக்கும். வெளிநாடு போகவென்று கிளாலியில் படகேறினான். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அந்தக் கடல்நீரேரிதான் வழி; கடற்படை சுடும், படகேறியவர்கள் எல்லாரும் அக்கரை போய்ச் சேர்ந்ததில்லை. போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று சொல்லிப் போனவன். மாதங்கள் போயின, கடிதம் வரவில்லை. தபால் எப்போதாவது கப்பலில் வந்து மூட்டையாக இறங்கும். மூட்டை இறங்கிய அன்று மரியதாஸ் அண்ணை தபால் கந்தோர் வாசலில் நிற்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பதாம் பாகம் வந்தது. கொழும்பிலிருந்து வந்த யாரோ சேலைகளுக்கு நடுவே மறைத்து ரீச்சரிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே ஒரு பிரதி. என்னோடு சேர்த்து நான்கு பேர் வாசிக்கவேண்டும். யார் முதலில் என்று சண்டை வரும்போல இருந்தபோது எங்கள் முதலாளி ஒரு வழி சொன்னார். "தையலை வெட்டினா கட்டுக் கட்டாப் பிரியும். ஆளுக்கொரு கட்டு வாசிச்சு மாத்துங்கோவன்." அவர் வாழ்நாளில் ஒரு கதைப்புத்தகமும் வாசித்தவரல்ல. அட்டையைக் கழற்றி, தையலை வெட்டி, பதினாறு பக்கக் கட்டுகளாக அவரே பிரித்துத் தந்தார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கட்டுகள் நடராசாவின் சைக்கிள் கரியரில் நீர்வேலிக்கும் அச்சகத்துக்கும் போய்வந்தன. மரியதாஸ் அண்ணை எழுத்துக்கூட்டி ஆறுதலாக வாசிப்பவர், கட்டைச் சுணக்கிவிடுவார் என்று அவரைக் கடைசியில் வைத்தோம். "எனக்கு ஆரும் முடிவைச் சொல்லப்படாது" என்று எங்கள் மூவரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு நடராசாவைக் காண்கிறபோதெல்லாம் இரண்டு கேள்வி.

"தம்பி, கடிதம் ஏதும் வந்ததோ?"

"இல்லை அண்ணை."

"சரி, கட்டைத் தாரும்."

கடைசிக் கட்டை முதலில் முடித்தவர் ரீச்சர். உப்புவாசலை வெளியிலிருந்து மூட முடியாது, உள்ளே நின்றுதான் மூடவேண்டும். கயலரசன் உள்ளே போய் மூடிவிடுகிறான். அவன் ஏறிப்போன தெப்பம் மட்டும் கரைக்கு வருகிறது. ரீச்சர் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, தலையிடி என்று சொல்லியனுப்பினார். நடராசாவுக்குக் கோபம். "உவன் எழுத்தாளன் பத்து வரியம் காக்க வைச்சுப்போட்டுக் கொல்லுறானோ?" என்று அச்சகத்து மேசையில் குத்தினார். ஈய எழுத்துகள் துள்ளின. நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் கட்டில் இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன். அழுகை வராதவர்கள் ஏதாவது செய்யத்தானே வேண்டும்.

கல்வெட்டு அடிக்கும் யோசனை ரீச்சருடையது. எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு நினைவுப் புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, உற்றார் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் முறைப்படி இருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் அச்சகத்தின் சோறு அதுதான். "எத்தினை பேருக்கு அடிக்கிறம், கயலரசனுக்கு அடிச்சா என்ன?" என்றார் ரீச்சர். முதலாளி எங்களை ஒருமுறை பார்த்தார். "மூண்டு பேருக்கும் விசர்" என்று சொல்லிவிட்டு, மீந்த தாளில் நாலைந்து பிரதி அடிக்க உத்தரவு கொடுத்தார். மரியதாஸ் அண்ணை கடைசிக் கட்டை வாசித்து முடித்த பிறகு அவர் கையில் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவு. புலம்பலை ரீச்சரே எழுதினார்:

கரையிலே எமைவிட்டுக் கடலோடு போனாயோ
கயலரசா எங்கள் கண்ணே!
திரையெல்லாம் தேடினோம் தெப்பந்தான் வந்ததே
திரும்பி நீ வாராததேனோ?

கோத்து, தாளில் ஒத்தியெடுத்து, திருத்தி, இரண்டாம் முறையும் ஒத்தியெடுத்தோம். முதல் தாள் வழக்கம்போல அடுக்குக்குப் போனது. அடுக்கு வழக்கம்போல கச்சான்காரரிடம் போனது. அதில் யாரும் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் மரியதாஸ் அண்ணை அச்சகத்துக்குள் வந்தார். செருப்பில்லை. சைக்கிளை வாசலில் விழுத்திவிட்டு வந்திருந்தார், அதன் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. கையில் விரித்த கச்சான் சுருள், எண்ணெயும் உப்பும் பட்டுக் கசங்கிய அரைத் தாள். மேலே 'அமரர் கயலரசன்', கீழே ரீச்சரின் நாலு வரி. மற்றப் பாதி இல்லை.

"தங்கச்சி, உது ஆர் அடிக்கக் குடுத்தது?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"கிளாலியாலை ஆரும் வந்து சொன்னவையோ? எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை? தேப்பனுக்குச் சொல்லாமல் கல்வெட்டு அடிக்கிறதோ, தங்கச்சி?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணை, உது அரசன் இல்லை. உப்புவாசல் கயலரசன். கதையிலை வாறவன். ரீச்சர் பகிடிக்கு எழுதினது."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருத்திய இரண்டாவது தாளை எடுத்து விரித்துக் காட்டினேன். உப்புவாசல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முதலாளி ஒரு கதிரையை இழுத்துப் பின்னால் வைத்தார். அண்ணை இருந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை, செம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவனோ செத்தது?"

"ஓம் அண்ணை."

"நல்லது" என்றார்.

இருபது வருடம் கயலரசன் கயலரசன் என்று திரிந்த மனிதர். பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கச் சுவாமியாரோடு மல்லுக்கட்டியவர். "நல்லது, நல்லது" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகுதான் ஏதோ ஞாபகம் வந்தவர்போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முடிவைச் சொல்லிப்போட்டியள் என்ன?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த முறை எழுத்துப்பிழை தேட முடியவில்லை.

அடுத்த கிழமை அவருடைய முறை வந்தது. கடைசிக் கட்டை நடராசா நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "அரசன்ரை கடிதம் வரட்டும். பிறகு வாசிக்கிறன். அதுமட்டும் அச்சகத்திலை கிடக்கட்டும்" என்றார். நான் அதை ஒரு மட்டையில் சுற்றி, கயிறு கட்டி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கல்வெட்டு அடிக்கவேயில்லை. கோத்த எழுத்துகளைக் கலைத்து அந்தந்தப் பெட்டியில் போட்டோம். அதே 'க'வும் அதே 'ய'வும் அடுத்த நாள் வேறு யாருடைய பெயருக்கோ போயின.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் கடைசியில், இராணுவம் வருகிறது என்று, ஊரே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. வீதி அசையவில்லை, சனம் ஒருவரையொருவர் தள்ளியே நகர்ந்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட யாரோ என் தோளைத் தொட்டார்கள். மரியதாஸ் அண்ணை. தலையில் ஒரு வலைச் சுருணையும் சாக்கும். பின்னால் மனுசி. அந்த நெரிசலில் அவர் கேட்டது இதுதான்:

"தங்கச்சி, அந்தக் கட்டு பத்திரமோ?"

"ஓம் அண்ணை, அச்சக அலுமாரியிலை பூட்டினபடி இருக்கு."

"கடிதம் இன்னும் வரேல்லை" என்றார். பிறகு சனம் அவரை ஒரு பக்கம் தள்ளியது, என்னை ஒரு பக்கம்.

திரும்பிப் போனபோது அச்சகத்துக்குக் கூரை இல்லை. அலுமாரி நின்ற இடத்தில் பப்பாசி முளைத்திருந்தது. ஈய எழுத்துகளை யாரோ உருக்கப் பொறுக்கிப் போயிருந்தார்கள். ரீச்சர் காலமானார் என்று பிறகு கேள்விப்பட்டேன், அவருக்குக் கல்வெட்டு அடிக்க ஆள் இருந்ததா தெரியாது. நடராசா கனடாவில் இருக்கிறார். மரியதாஸ் அண்ணை வன்னிக்குப் போனார் என்றார்கள் சிலர், இராமேஸ்வரத்துக்குப் படகேறினார் என்றார்கள் வேறு சிலர். நான் எங்கே எவரைக் கண்டாலும் ஒரு காலத்தில் விசாரித்தேன். அரசனின் கடிதம் வந்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை. இப்போது கச்சான் கண்ணாடிப் பையில் வருகிறது. அதில் எடையும் திகதியும்தான் போட்டிருக்கிறது.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்குச் சொல்லவில்லை. எங்களிடமும் அப்படி ஒரு புத்தக வரிசை இருந்தது, உப்புவாசலுக்கு முன்னால் ஒரு பெடியன் நின்றான் என்ற அளவில் சொன்னேன். அவள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

"கடைசியிலை அவனுக்கு என்ன நடந்தது மாமி?"

"தெரியாது பிள்ளை" என்றேன். "கடைசிக் கட்டு எங்கடை கைக்கு வரேல்லை."