புதுப் பெயருக்குக் கட்டிய காசு

பாரிஸ் லா சப்பலில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவும் நானும் ரவியும் கைபேசி விளையாட்டில் பிரியாத ஜோடி. ‘புயல் ஒன்று’ நான், ‘புயல் இரண்டு’ அவன்.

ஒருநாள் பார்த்தால் அவன் ‘பாண்டா இரண்டு’ ஆகியிருந்தான். ‘பாண்டா ஒன்று’ யாரோ புது ஆள். பெயர் மாற்றக் காசு கட்டவேண்டும். கஞ்சன் அதையும் கட்டியிருக்கிறான்! எனக்கு வயிறு எரிந்தது.

“ஆரடா அந்தப் பாண்டா? என்னைவிட நல்லா விளையாடுற ஆளோ?”

வெட்கத்தோடு சிரித்தான். “என்ரை மகளடா. வீட்டிலை என்ன கேட்டாலும் பிரெஞ்சிலை ஒரு சொல்லுதான் பதில். இதிலை எண்டால் ‘அப்பா, ஓடி வாங்கோ’ எண்டு கத்துறாள். பேரும் அவள் வைச்சதுதான்.”

என் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பொறாமைதான் இன்னும் போகவில்லை. எனக்கும் அதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் என்ன விளையாடுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.