பேறுகால அறைக்கு ஒரு ஜன்னல்

யுத்த காலத்தில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த ஒருவர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக ஆறு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். ஜன்னல் வைத்தால் செலவு, திருடன் பயம் வேறு என்று பின்சுவரை மொட்டையாக விட்டுவிட்டார். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். எல்லா அறைக்கும் ஜன்னல் திறக்காவிட்டால் மொத்த வரிசையையும் பூட்டி சீல் வைப்பதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

நோட்டீஸ் வாங்கிய வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் ஓடிவருவார்கள். நான் கொத்து மேஸ்திரி. சாக்கடை வெட்டி, புகைபோக்கி வைத்து, இன்ஸ்பெக்டர் குறை சொல்ல முடியாதபடி வீட்டைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. கெடு முடிகிற நேரத்தில் கூப்பிட்டுவிட்டு, "ஜல்தி முடிங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்து வீட்டில் ஜன்னல் திறந்தாயிற்று. கடைசி வீட்டில் மாட்டிக்கொண்டேன். அங்கே இன்ஜினுக்குக் கரி அள்ளுகிறவனின் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பச்ச ஒடம்புங்க. காத்து பட்டா ஜன்னி வந்துடும். தீட்டு கழியட்டும், அப்புறமா வந்து இடிச்சிக்கோங்க."

"நாளைக்கு சீல் வச்சா புள்ளயத் தூக்கிக்கினு எங்கம்மா போவீங்க? ரோட்டுல மட்டும் காத்து அடிக்காதா?"

அவர் முகம் வாடியது. ஆனால் நகரவில்லை. கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். வெளியிலிருந்தே இடிக்கிறேன், உள்பக்கச் செங்கல் வரிசையைத் தொடமாட்டேன், தாயையும் பிள்ளையையும் வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு அதை எடுக்கலாம் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார். என் ஆட்கள் நுழைந்துவிடுவார்கள் என்று பயந்து, அறைக்கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும்படி மருமகளிடம் சொன்னார். தாழ் விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது.

பின்பக்கம் போய்க் கடப்பாறையைப் போட்டேன். மண் வைத்துக் கட்டிய சுவர், செங்கல் சுலபமாகப் பெயர்ந்தது. உள்வரிசை தெரிந்தபோதுதான் மனத்தில் ஏதோ உறுத்தியது. இத்தனை சத்தத்துக்கும் பிள்ளை ஒரு தடவைகூட அழவில்லை.

முன்பக்கம் ஓடினேன். "மருமவளக் கூப்புடுங்க."

"தூங்குது."

"கூப்புடுங்கன்றேன்."

கூப்பிட்டார். பதில் இல்லை. கதவைத் தட்டினார், பிறகு இரண்டு கையாலும் அறைந்தார். ஜன்னலில் மிச்சம் பிடித்த மண்டிக்காரர் கதவை மட்டும் கெட்டியாகப் போட்டிருந்தார். நானும் என் ஆட்களும் தோள் கொடுத்து மோதியும் அசையவில்லை.

"உள்ள நெருப்பு ஏதாவது இருக்குதா?"

"குளிருக்குக் கட்டிலுக்கு அடியில கரிச்சட்டி வச்சிருக்கேன்."

மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும். பின்பக்கம் ஓடி உள்வரிசையில் ஓங்கிக் குத்தினேன். பொத்தல் விழுந்ததும் சூடான கரிநெடி முகத்தில் அடித்தது. கட்டிலிலிருந்து ஒரு கை தொங்குவது தெரிந்தது. துழாவினேன், எட்டவில்லை.

மாமியார் என்னைத் தள்ளிவிட்டு, பொத்தலில் முகத்தை வைத்து மருமகளைக் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பிறகு உள்ளே இருமல் கேட்டது. அதன்பின் பிள்ளை சன்னமாக அழுதது.

அவர் வெறுங்கையாலேயே செங்கல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். விரலில் ரத்தம் வந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடிங்க மேஸ்திரி," என்றார். "இன்னும் பெருசா இடிங்க."