கருகிய ஹாமும் அண்ணியின் மூக்கும்

என் அண்ணியின் மூக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நாள் பூராவும் "வரிசையில நில்லுங்க, சில்லறையா குடுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் இந்த விஷயத்தில் என் கோபம் நியாயமா இல்லையா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணன் கல்யாணம் முடித்து அவளைக் கூட்டி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். நாத்தனார் என்றால் வந்தவளை ஆட்டிப் படைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. முதல் வாரத்திலேயே அது ஓடிப்போயிற்று. அண்ணன் மாடிப்படியில் ஒளிந்து நின்று சிகரெட் பிடித்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயில் ஒரு மிட்டாயை அதக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உள்ளே வந்தான். அண்ணி அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை.

"ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாள்.

அண்ணன் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! மிட்டாய் தொண்டையில் சிக்கி இருமினான். அன்றைக்கே நான் அண்ணி கட்சிக்கு மாறிவிட்டேன்.

அந்த மூக்கை வைத்துத்தான் அவளுக்கு வேலையும் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டிரை கிளீனிங் கடை இருக்கிறது. அங்கே கறை எடுக்கும் மேஜை அவளுடையது. கோட்டுக் கையில் ஒரு பழுப்புத் திட்டு இருக்கும். காபியா, இருமல் மருந்தா, துருவா என்று கண்ணால் சொல்ல முடியாது. அண்ணி துணியைத் தூக்கி ஒரு தடவை முகர்வாள், சரியான புட்டியை எடுப்பாள். தப்பான கெமிக்கலைப் போட்டால் கறையோடு துணியின் நிறமும் போய்விடும். அவள் கையில் ஒரு துணி கெட்டதாக யாரும் சொன்னதில்லை.

அந்த மேஜைக்கு நேர் மேலே சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. உண்டு என்றால் சும்மா உண்டு. அது நின்று இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அண்ணி சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? ஓட்டை வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று அதில் ஒரு அட்டையை மடித்துச் செருகிவிட்டார். பின்னால் ஓடுகிற மெஷினின் ஆவியும் மேஜைப் புட்டிகளின் நெடியும் அந்தக் கடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. நான் ஒரு நாள் சால்வை கொடுக்கப் போய், தலை கிறுகிறுத்து வெளியே வந்து நின்றேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஆண்டுக் கடைசியில் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு ஹாம் கொடுப்பார். உப்பில் ஊறவைத்துப் புகை போட்ட முழுப் பன்றித் தொடை, எலும்போடு. ஃபேன் கேட்டால் காது கேட்காது. ஹாம் கொடுக்கும்போது மட்டும் முகத்தில் அப்படி ஒரு தாராளம் வழியும்!

அவர் கொடுத்தாலும் ஹாமை ஹாமாக ஆக்கியது அண்ணிதான். ஃபாயிலால் மூடி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்னச் சூட்டில் காலையிலிருந்து வேகவிடுவாள். வெந்ததும் மேல்தோலைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி உரித்தெடுப்பாள். அடியிலிருக்கிற வெள்ளைக் கொழுப்பில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்துவாள். பிறகு பழுப்புச் சர்க்கரை, தேன், கடுகு விழுது, ஆரஞ்சுச் சாறு எல்லாவற்றையும் சுண்டக் காய்ச்சிப் பிரஷ்ஷால் பூசி, சூட்டை ஏற்றி மறுபடி ஓவனுக்குள் தள்ளுவாள். அங்கேதான் கண்டம். சர்க்கரைப் பூச்சு பளபளவென்று பொன்னிறமாவதற்கும் கரியாவதற்கும் நடுவே ஒரு போன் பேசுகிற நேரம்கூடக் கிடையாது. அவள் வீட்டு ஓவனில் விளக்கும் எரியாது. அண்ணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எங்களோடு வம்பளப்பாள். திடீரென்று பாதிப் பேச்சில் எழுந்து கதவைத் திறப்பாள். தேன் வாசனை போய் மிட்டாய் வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டுமாம், அதற்கடுத்த வாசனை வந்தால் எல்லாம் போச்சாம். ஒரு வருஷம்கூட அந்த அடுத்த வாசனை அவள் வீட்டில் வந்ததில்லை.

போன ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வழக்கம்போலச் சாப்பிடப் போனேன். முதல் மாடி திரும்பும்போதே கருகல் நெடி மூக்கில் ஏறியது. யார் வீட்டிலோ சர்க்கரை தீய்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். மூன்றாவது மாடிக்கு வந்து அண்ணி வீட்டுக் கதவைத் திறந்தால் நெடி முகத்தில் அறைகிறது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வா வா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள், சிரித்த முகத்தோடு.

அவளுக்குப் பின்னால் ஓவன் கதவு இடுக்கில் நீலமாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. பாய்ந்து கதவை இழுத்தேன். கறுப்பு என்றால் தார் ரோட்டுக் கறுப்பு. கிராம்பெல்லாம் கரித்துண்டு. தட்டில் வழிந்த சர்க்கரை கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணி இது? பக்கத்துலயே உக்காந்துட்டு! மூக்கை வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

நான் கேலியாகத்தான் கேட்டேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. உருளைக்கிழங்கு கையிலேயே இருந்தது.

"கத்தாதே. உங்க அண்ணன் தூங்குறாரு."

"தூங்கட்டும்! தெருவுக்கே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல" என்றாள். "எனக்கு எதுவுமே தெரியறதில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை. வினிகர் புட்டியைத் திறந்து அவள் மூக்கடியில் நீட்டினேன். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் இழுத்து முகர்ந்துவிட்டு, பச்சைத் தண்ணீரை முகர்ந்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். கோடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம். முதலில் பூ, சோப்பு. பிறகு சாப்பாடு. கடைசியில் அந்தக் கெமிக்கல் நெடியே நின்றுவிட்டதாம்.

"அப்போ கடையில எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"நிறத்தைப் பாத்து ஒரு குத்துமதிப்பா போடுறேன். ரெண்டு கோட்டு வெளுத்துப் போச்சு. முதலாளி கத்தினார்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அந்தக் காத்துலயே இருந்தா திரும்பி வராதாம். வெளிய வந்துட்டா வரலாம், வராமலும் போகலாமாம். கேரண்டி இல்லன்னார்."

"அப்புறமும் அங்கதான் போயிட்டிருக்கீங்களா? பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"முதலாளிகிட்ட சொன்னா நாளைக்கே அந்த மேஜையில இன்னொருத்திய உக்கார வெச்சிடுவாரு. எனக்கு வேற என்ன தெரியும்? இந்த வயசுல யாரு வேலை குடுப்பா?"

எனக்கு அவள் மேலும் கோபம், அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம். அந்தச் சமயம் பார்த்து அண்ணன் கொட்டாவி விட்டபடி வந்தான். தளம் போடுகிற வேலை அவனுக்கு. முட்டி போட்டே பழகியதாலோ என்னவோ, யார் முன்னாலும் நிமிர்ந்து நிற்க மாட்டான். ஹாமைப் பார்த்தான்.

"அட, கருகிடுச்சா? மேல சீவிட்டா உள்ள நல்லாத்தான் இருக்கும். இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?"

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவனுக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான், அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வார்த்தை ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"அவசரப்பட வேண்டாம்" என்றான். "வருஷம் பொறக்கட்டும். முதலாளி நல்ல மூடுல இருக்கிறப்போ போய்ப் பக்குவமா பேசுவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது.

"அவருக்கு நல்ல மூடு வர்ற வரைக்கும் நான் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கணுமா? பொண்டாட்டிக்கு மூக்கே போச்சு, உங்களுக்குப் பக்குவம் கேக்குதா?"

உருளைக்கிழங்கைத் தொட்டிக்குள் விட்டெறிந்தாள். ஹாமை ஃபாயிலால் மூடினாள். துணியை மடித்துச் சுடுதட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"கதவைத் திற" என்றாள் என்னிடம். "அவர் குடுத்ததை அவர்கிட்டயே குடுத்துட்டு வரேன். அந்த ஃபேன் இல்லாம என்ன ஆச்சுன்னு அவர் கண்ணால பாக்கட்டும்."

ஆண்டுக் கடைசி என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது, அன்று அண்ணிக்கு மட்டும்தான் லீவு. சுடுதட்டோடு அவள் முன்னால், நான் பக்கத்தில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அண்ணன் பின்னால். "கொஞ்சம் நில்லுங்க, ஒரு நிமிஷம் யோசிங்க" என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். எதிரே வந்தவர்கள் நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். முதலாளியை என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டே நடந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக இருந்தது.

கடைக்குள் நுழைந்தோம். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் கூரையிலிருந்து தொங்கின. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கெமிக்கல் நெடி கண்ணைக் கரித்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி பழைய ஸ்வெட்டரோடு கவுண்டரில் உட்கார்ந்து யாருடையது என்று தெரிவதற்காகச் சட்டைக் காலர்களில் எண் எழுதிய துணித்துண்டு தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி தட்டைக் கவுண்டரில் டங்கென்று வைத்தாள். ஃபாயில் ஓரங்களில் ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது.

"அட! எனக்கும் ஒரு பங்கா?" என்று முதலாளி முகம் மலர்ந்தார். குனிந்து அந்த ஆவியை நன்றாக உள்ளே இழுத்தார். "ஆகா, என்ன வாசனை! உன் கைப்பக்குவமே தனிம்மா!"

இஸ்திரிப் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "என்ன முதலாளி சொல்றீங்க? கருகின நாத்தம் வயித்தைப் புரட்டுது!"

"என்ன நாத்தம்?" என்று அவர் சிரித்தார். "எதைப் பாத்தாலும் உங்களுக்கெல்லாம் நாத்தம்தான். ஃபேன் ஃபேன்னு இவ உயிரை எடுக்கிறா. நான் நாள் முழுக்க இங்கதானே உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் அடிக்கலையே!"

அண்ணி ஃபாயிலை உரித்தாள்.

அவர் அந்தக் கரிக்கட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார், இந்த முறை மூக்கு படுகிற அளவுக்கு. முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாகப் போயிற்று. எழுந்து கறை மேஜைக்குப் போனார். இருப்பதிலேயே காட்டமான புட்டியைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தார். பிறகு அடுத்த புட்டி. அதற்கடுத்தது.

"தெரியலையே" என்றார். "ஒண்ணுமே தெரியலையே."

நான் வரிசை போட்டு வைத்திருந்த நாலு கேள்வியும் வீணாய்ப் போயிற்று. அவருக்காக நான் இரங்கினேன் என்று நினைக்காதீர்கள், இரங்கவில்லை. என் அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னபோது ஒரு தடவை எழுந்து அந்த மேஜைக்கு வந்து நின்றிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அட்டையைச் செருகிவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனிதரை வேறு என்னதான் செய்வது? ஓங்கிய கையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அப்படியே எரிந்துகொண்டு நின்றேன்.

அண்ணி அவர் கையிலிருந்த புட்டியை வெடுக்கென்று பிடுங்கி மூடியைத் திருகினாள்.

"இதை முகராதீங்க, அறிவு இருக்கா? நாளைக்கு டாக்டர்கிட்ட போங்க" என்றாள். "நான் இனிமே வர மாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. நேராக மெஷினுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். கடை திடீரென்று அமைதியாயிற்று. பிறகு இஸ்திரிப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் இன்னும் மூக்கை மூடிக்கொண்டு பயந்துபோய் நின்றிருந்தாள்.

"உனக்கு நாத்தம் தெரியுதில்ல?"

"தெரியுதுக்கா. குமட்டுது."

"அப்போ இன்னும் ஏன் இங்க நிக்கிற?" என்று அண்ணி கத்தினாள். கத்தும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உனக்கு இன்னும் இருக்குடி! இருக்கும்போதே ஓடு!"

அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். செருப்பைக்கூடத் தேடாமல் எங்களைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள்.